பழைய குறு நீர்மூழ்கியை வாங்கும் முன் கூட்டைச் சோதிக்கும் முறை

யாரோ ஒருவர் தம் பட்டறையில் செய்து பயன்படுத்திய குறு நீர்மூழ்கி விலைக்கு வந்தால், மோட்டாரையும் பேட்டரிகளையும் பார்த்து விலை பேசாதீர்கள். அவற்றைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். நீரின் அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கூட்டுக்காகத்தான் பணம் கொடுக்கிறீர்கள். ஓசூரில் நண்பரின் பட்டறைக்கு வந்த ஒன்றை நாங்கள் சோதித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வரைபடம், தகட்டின் தரச் சான்று, வெல்டிங் சோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். அவை இல்லையென்றால், விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் ஆழத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அடுத்து, ஒரு காந்தத்தைக் கூடு முழுவதும் நகர்த்துங்கள். பட்டி பார்த்து பெயின்ட் அடித்த இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். அங்கே எஃகு தெரியும்வரை சுரண்டிப் பாருங்கள்.

தடிமனை அளக்க, பெயின்ட்டை விட்டுவிட்டு எஃகை மட்டும் அளக்கும் இரட்டை எதிரொலி வசதியுள்ள அல்ட்ராசோனிக் கருவியையே வாடகைக்கு எடுங்கள். பேட்டரிகளுக்கு அடியில் அமிலம் சொட்டி உட்புறம் அரித்திருக்கக்கூடும் என்பதால் அங்கே நெருக்கமாக அளக்க வேண்டும். 8 மி.மீ. தகடு 6 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தால் வலுவில் கால் பங்குதான் போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டை வலுப்படுத்தும் வளையச் சட்டங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய உருளை நசுங்கும் அழுத்தம் தடிமனின் ஏறத்தாழ 2.5 அடுக்கைப் பொறுத்தது என்பதால், அது பாதியாகிவிடுகிறது.

கூடு சரியான வட்டமாக உள்ளதா என்பதே பலரும் தவறவிடும் இடம். விட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. மூன்று மேடுகள் கொண்ட வடிவம் எத்திசையில் அளந்தாலும் ஒரே விட்டத்தைக் காட்டக்கூடும். மூன்று தாடை சக்கில் இறுக்கிக் கடைந்த மெல்லிய வளையத்தைக் கழற்றி அளந்து பார்த்த லேத்துக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆகவே இருக்கையைக் கழற்றிவிட்டு, கூட்டின் நடுவே ஒரு குழாயை நிறுத்தி, அதைச் சுற்றிவரும் கையில், சிறு ஏற்ற இறக்கத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, 15 பாகைக்கு ஒன்றாக 24 அளவுகள் எடுங்கள். குழாய் மையம் விலகியிருந்தால் ஒரு பக்கம் கூடுதலாகவும் நேரெதிரே அதே அளவு குறைவாகவும் வரும், அதைக் கழித்துவிடலாம். அதன்பின் எஞ்சும் இரண்டு மூன்று மேடுகளே உண்மையான கோணல். ஆரத்தில் 0.5 சதவீதம் என்பது வழக்கமான எல்லை, 45 செ.மீ. ஆரத்துக்கு அது 2.25 மி.மீ.தான். இதற்கு மேற்பட்ட கோணலைத் தட்டி நிமிர்த்தித் தருவதாக எவர் சொன்னாலும், பழைய இரும்பின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அக்ரிலிக் சன்னல்களில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் மின்னினால் மெருகேற்ற முயலாமல் புதிதாக மாற்றுங்கள். தின்னர் கொண்டு துடைத்தாலே இத்தகைய கீறல்கள் உண்டாகும்.

பின்னர் சேர்த்தது: கிருஷ்ணகிரி அணையில்தானே மூழ்கப் போகிறோம், அது ஆழம் குறைந்ததுதானே, இத்தனை சோதனை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அணையின் முழு நீர்மட்டமான 52 அடி ஆழத்தில், 60 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மீது நீர் மட்டும் ஏறக்குறைய நாலரை டன் விசையோடு அழுத்தும். மேலும், கடல்நீருக்கு எடை சமன்செய்த கலம் நன்னீரில் கனத்துவிடும். 2 கன மீட்டர் நீரை விலக்கும் கலமென்றால் சுமார் 50 கிலோ ஈயத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். அதற்கு இடமிருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.