கேரவனில் பேட்டரி பொருத்துவது எப்படி? "12 வோல்ட்தானே" என்பவர்களுக்கு

"12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகுது?" பழைய கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) வாங்கிய புதிதில் நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஷாக் அடிக்காதுதான். ஆனால் பேட்டரியின் ப்ளஸ்ஸையும் மைனஸையும் ஒரு ஸ்பானர் தெரியாமல் தொட்டுவிட்டால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து தீப்பொறி பறக்கும். பிளைவுட்டும் ஃபோமும் நிறைந்த பெட்டிக்குள் அது போதும்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில். இங்கே 12 வோல்ட் வேலையை நாமே செய்யலாம். 230 வோல்ட் வயரிங்கை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொடவேண்டும். இன்வெர்ட்டரை கேரவனின் சுவர் பிளக்குகளோடு இணைப்பதும் அவர் வேலைதான்.

1. முதலில் கணக்கு

45 வாட் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 540 வாட்-அவர். விளக்கு, ஃபேன், தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 700 என்று வையுங்கள். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-அவர். 80 சதவீதம் பயன்படுத்தினால், சோலாருக்கு வெயிலே இல்லாமலும் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஓடும்.

2. எங்கே வைப்பது?

கட்டிலுக்கு அடியில் வைப்பதுதான் முன்பெல்லாம் வழக்கம். 2022-இல் வந்த ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்து மின் தரநிலைப்படி, புதிதாகப் பொருத்தும் லித்தியம் பேட்டரியிலிருந்து வரும் வாயு ஆள் இருக்கும் பகுதிக்குள் வரவே கூடாது. உள்பக்கம் முழுக்க அடைத்து, வெளியே காற்றுப்போக்கு வைத்த பெட்டி வேண்டும். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியிலேயே தங்கும். அங்கே ஒரு பொறி விழுந்தால் முடிந்தது கதை. பேட்டரியை உலோகப் பட்டை போட்டு இறுக்குங்கள், சடன் பிரேக் அடித்தாலும் நகரக் கூடாது.

3. ஃபியூஸ்

பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஃபியூஸ் இருப்பது ஃபிரிட்ஜைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. அதனால் ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்குமோ அதைத் தாண்டாத ஃபியூஸ் போடவேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது, ஆகவே ப்ளஸ் முனைக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வையுங்கள்.

காரிலிருந்து கேரவனுக்கு வரும் கேபிளுக்கு ஒரு ஃபியூஸ் பத்தாது. அதன் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் நசுங்கினால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். முனைக்கு ஒன்றாக இரண்டு போடுங்கள்.

4. கேபிள்

நான் ஏமாந்த இடம் இது. கடையில் "6 மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள்" என்று விற்பதில் அந்த 6, மேலே உள்ள பிளாஸ்டிக்கையும் சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். எப்போதும் சதுர மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

காரின் பேட்டரியிலிருந்து 6 மீட்டர், 20 ஆம்பியர் என்று வைப்போம். போக வர 12 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 போட்டால் 0.26 வோல்ட்தான். விலை கூடுதல்தான், ஆனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) இடுக்கியால் நசுக்கி ஒப்பேற்றாதீர்கள், அதை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் இரவல் கிடைக்கும்.

5. சார்ஜிங்

லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு (கார் இன்ஜின் சுற்றும் ஜெனரேட்டர்) நேரடியாக இணைக்காமல், பேட்டரிக்கு ஏற்றபடி சார்ஜைச் சீராக்கிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜரை நடுவே வையுங்கள். பேட்டரி உறைநிலைக்குக் கீழே போயிருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். மலைப்பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்கள், குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். சோலார் இருந்தால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டுங்கள், பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.

6. இணைக்கும் வரிசை

மோதிரத்தையும் வாட்சையும் கழற்றுங்கள். ஸ்பானர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஃபியூஸ்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு ப்ளஸ்ஸை மாட்டுங்கள், மைனஸ் கடைசியில். கழற்றுவதென்றால் மைனஸ்தான் முதலில். எல்லாம் இறுகிய பிறகு ஃபியூஸை ஒவ்வொன்றாகச் செருகுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு லக்கின் பக்கத்திலும் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை சுட்டால் அந்த இணைப்பு தளர்வு, அல்லது ஒயர் சிறிது. முதல் பயணம் முடிந்து வந்ததும் எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். செம்மண் ரோட்டு அதிர்வில் என் கேரவனில் இரண்டு கழன்றிருந்தன.