கைநாட்டு விழுந்ததும் ஒப்புதல் முடிந்துவிடாது: பழங்குடி மக்களிடையே ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்குடி மக்களிடையே களப்பணிக்குப் போகும் மானிடவியலாளர்கள் செய்யும் தவறுகளில் பல ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன. ஒப்புதல் என்பதை ஒரு தாளாக நினைக்கிறார்கள். படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ விழுந்துவிட்டால் அந்த வேலை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் பகுதியில் வாழும் ஹவசுபாய் பழங்குடி மக்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 1990-இல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்த மாதிரி எடுத்தார்கள். தங்களை வாட்டும் நீரிழிவு நோய்க்காகத்தான் எடுக்கிறார்கள் என்று நம்பி அவர்களும் கொடுத்தார்கள். படிவத்திலோ நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதாகப் பொதுப்படையாக எழுதியிருந்தது. பிறகு அதே இரத்தம் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவில் மணம், மூதாதையரின் இடப்பெயர்ச்சி ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் தாங்கள் என்று நம்பும் மக்களுக்கு இது பெரிய காயம். வழக்கு நடந்து, 2010-இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிஞ்சிய மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருந்தது இன்னொன்று. தவறின் வேர் அதுதான். ஆகவே குரல் பதிவு, புகைப்படம், உடல் மாதிரி, ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது, பிற ஆய்வாளருக்குத் தருவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். விளக்கி முடித்ததும், "நான் எதற்காக வந்திருக்கிறேன், நீங்கள் சொல்வதை வைத்து என்ன செய்யப்போகிறேன்?" என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையென்றால் விளக்கம் போதவில்லை. மொழிபெயர்த்த படிவத்தை வேறொருவரிடம் கொடுத்து மூலமொழிக்குத் திருப்பச் சொன்னால், எங்கே பொருள் திரிந்தது என்பது தெரிந்துவிடும். தாளில் கைநாட்டு வைத்தே நிலத்தை இழந்த மக்களிடம் தாளை நீட்டாதீர்கள். வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொண்டால் போதும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் சறுக்கல் உண்டு. தலைவர் சரியென்றால் ஊரே சரியென்றதாக ஆகாது, பெண்களும் இளையவர்களும் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: சடங்குப் பாட்டு, மருந்துச் செடி பற்றிய அறிவு போன்றவை குடி முழுவதற்கும் உரியவை. பாடியவர் ஒருவர் சம்மதித்ததால் மட்டும் அவை வெளியிடத்தக்கவை ஆகிவிடாது. ஊரின் அனுமதி, தனிநபரின் சம்மதம் இரண்டும் தனித்தனியே வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் ஆய்வாளர்களுக்கென்று தாங்களே ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். நீங்கள் போகும் மக்களிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று திட்டம் எழுதும் முன்பே தேடுங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது அடுத்த மயக்கம். 40 வீடுகள் உள்ள ஊரில் "மூத்த மருத்துவச்சி" என்று எழுதினாலே யாரென்று எல்லாருக்கும் தெரியும். வயது, தொழில், உறவுமுறை போன்ற விவரங்களில் எது வாதத்துக்குத் தேவையில்லையோ அதை நீக்குங்கள். உண்மைப் பெயரும் புனைபெயரும் சேர்ந்த பட்டியலைக் களக்குறிப்புகளோடு வைக்காதீர்கள். செல்பேசிப் படங்களில் இடக்குறிப்பு பதிவாகும். புனித இடங்களையும் அரிய செடிகளையும் எடுக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். அதேசமயம், எல்லாப் பெயர்களையும் மறைப்பதும் நியாயமல்ல. தலைமுறை அறிவைக் காத்துவரும் ஒருவர் தன் பெயர் அச்சில் வரவேண்டும் என்று விரும்பலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் வரும், மருந்து வரும் என்று கைக்கு எட்டாததைச் சொல்லாதீர்கள். செலவிடும் நேரத்துக்குப் பணம் தருவதானால், எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு எல்லாருக்கும் ஒரே அளவில் தாருங்கள்.

வெளியிட்ட பிறகு ஒரு பிரதியை அனுப்புவது பதில் மரியாதை ஆகாது. வரைவு நிலையிலேயே அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள், எழுத்து அறியாதவர்களுக்கு ஒலிப்பதிவாகக் கொடுங்கள், யோசிக்க நாள் விடுங்கள். எந்தத் தேதி வரை தங்கள் பேச்சைத் திரும்பப் பெறலாம் என்பதையும், அச்சேறிய பின் அது முடியாது என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள். குறை சொல்ல நேர்ந்தால் தொடர்புகொள்ள, உங்களைத் தவிர வேறொருவரின் எண் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.