சார்க் தீவுக்கு அமாவாசை பார்த்துக் கிளம்புங்கள்

இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலில் இருக்கும் சார்க் தீவுக்குப் போக வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: தினசரி காலண்டரை எடுத்து அமாவாசை என்றைக்கு வருகிறது என்று பாருங்கள். அங்கே பார்த்தே ஆக வேண்டியவை இரண்டு. ஒன்று இரவு வானம், இன்னொன்று கடல் குகைகள். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைப்பது அமாவாசையை ஒட்டித்தான். நிலா இல்லாததால் வானம் நன்றாகக் கறுக்கும். சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுப்பதால் கடலும் மற்ற நாட்களைவிட அதிகம் வற்றும். பௌர்ணமிக்கும் கடல் அப்படி வற்றும், ஆனால் வானம் வெளுத்துவிடும்.

மாதம் ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி அல்லது செப்டம்பர். ஜூன் நடுவில் போனால் அந்த அட்சரேகையில் முழு இருட்டே வராது. ஏப்ரல், மேயில் இன்னொரு லாபம், பாறைச் சரிவு முழுக்க நீலமணிப் பூக்கள்.

சார்க் ஆங்கிலக் கால்வாயில், பிரான்ஸின் நார்மண்டிக் கரைக்கு மேற்கே இருக்கிறது. சுமார் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய 500 பேர். பிரிட்டிஷ் மகுடத்துக்கு உட்பட்டது, ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி இல்லை. சட்டம் போடுவது சீஃப் பிளீஸ் என்ற சொந்த மன்றம். வருமான வரி கிடையாது, கார் கிடையாது, தெருவிளக்கும் கிடையாது.

பெரும்பாலானோர் கெர்ன்சித் தீவின் செயின்ட் பீட்டர் போர்ட்டிலிருந்து காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கடைசிப் படகு போன பிறகுதான் தீவு தன் இயல்புக்கு வருகிறது. இரண்டு இரவாவது தங்குங்கள். படகு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். பெட்டிமேல் தங்கும் விடுதியின் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் போதும், துறைமுகத்திலிருந்து டிராக்டரில் அதுவே போய்ச் சேர்ந்துவிடும். மேட்டில் ஏற முடியாதவர்களுக்கும் டிராக்டர் இழுக்கும் பெஞ்சு வண்டி உண்டு. முழங்கால் வலிக்காரரான என் அம்மா அதில் ஏறி உட்கார்ந்ததும், "நம்ம ஊர் மாதிரியே இருக்கேடி" என்றார். நோயாளியைக் கொண்டுபோகும் வண்டியையும் தீயணைப்பு வண்டியையும்கூட இங்கே டிராக்டர்தான் இழுக்கும்.

மேலே போனதும் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். வயதானவர்களுக்குக் குதிரை வண்டி. முதல் நாளை லா கூப்பேக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய சார்க்கையும் சின்ன சார்க்கையும் இணைக்கும் மலைமுகடு அது. நீளம் 100 மீட்டர் போல, இரு பக்கமும் கடல்வரை சுமார் 80 மீட்டர் செங்குத்துப் பள்ளம். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இன்று இருக்கும் சிமெண்ட் பாதையைப் போட்டது 1945இல் ஜெர்மன் போர்க்கைதிகள். தீவு 1940 முதல் ஐந்தாண்டு ஜெர்மன் பிடியில் இருந்தது, விடுதலைக்குப் பிறகு அவர்களைக் கொண்டே வேலை வாங்கினார்கள். அம்மா கம்பியை இறுகப் பிடித்து நடு வழியில் நின்று, "இது இல்லாதப்போ பிள்ளைங்க எப்படிடி பள்ளிக்கூடம் போச்சு?" என்று கேட்டார். கம்பி வந்தது 1900இல். அதற்கு முன், காற்று வீசும் நாட்களில் பிள்ளைகள் தரையோடு தரையாகத் தவழ்ந்தே கடந்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போனால் தென்முனையில் வீனஸ் பூல் என்ற பாறைக் குளம், கடல் வற்றும்போது மட்டும் கிடைக்கும். வழியில் பழைய வெள்ளிச் சுரங்கத்தின் புகைபோக்கிகள். 1830களில் தோண்ட ஆரம்பித்து, வெள்ளியைவிடச் செலவு அதிகமாகி, 1847இல் மூடிவிட்டார்கள். அதற்காகத் தீவையே அடமானம் வைத்த லெ பெல்லி குடும்பம் 1852இல் அதை மேரி காலிங்ஸ் என்ற பெண்ணிடம் இழந்தது. ஆம், தீவை அடமானம் வைக்க முடிந்தது. 1565இல் எலிசபெத் மகாராணி, தீவைக் காக்க நாற்பது ஆட்களைக் குடியமர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடு ஹீலியர் தெ கார்த்தரே என்பவருக்கு சார்க்கைக் கொடுத்தார். அவருக்குப் பின் அந்த உரிமையை வைத்திருக்கும் தலைவருக்கு செய்நியர் என்று பெயர். மகுடத்துக்கு அவர் கட்டும் ஆண்டு வாடகை இன்றும் 1.79 பவுண்டுதான். மன்றம் முழுவதையும் மக்களே தேர்ந்தெடுக்கும் முறை 2008 டிசம்பரில்தான் வந்தது.

இரண்டாம் நாள் கூலியோ குகைகள். மேற்குக் கரையில், பிரெக்கூ தீவுக்கு எதிரே. அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் கடல் மிக அதிகமாக வற்றும், அதுவும் மதியம் தாண்டிய நேரத்தில். அந்த நாளில் கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைத் தங்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்கவே கூடாது. பெரிய ஓதத்தில் இங்கே நீர்மட்டம் 9 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், திரும்பி ஏறும் தண்ணீர் உங்களுக்காக நிற்காது. பாசியில் வழுக்காத செருப்பு, நெற்றி விளக்கு, இரண்டு கையும் காலி. அம்மாவை மேலே புல்வெளியில் உட்காரவைத்துவிட்டுத்தான் நான் போனேன்.

உள்ளே போய் விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடியுங்கள். பாறை தெரியாத அளவுக்குக் கடல் சாமந்திகள், பூப்போல இருக்கும் கடல் உயிரிகள். தண்ணீர் வடிந்திருப்பதால் விரல்களை உள்ளிழுத்துச் சொட்டுச் சொட்டாகத் தொங்குகின்றன, ஊறிய ஜவ்வரிசிக்குச் சாயம் ஏற்றியதுபோல. சிவப்பு, பச்சை, இளஞ்சிவப்பு என்று ஒவ்வொரு நிறமும் தனித்தனித் திட்டு. ஒரு சாமந்தியே இரண்டாகப் பிளந்து பெருகுவதால் ஒரு திட்டு முழுக்க ஒரே நிறம். இரு தீவுகளுக்கும் நடுவே ஓடும் கடும் நீரோட்டம் இவற்றுக்கு ஓயாமல் இரை கொண்டுவருகிறது, அதனால்தான் இத்தனை நெருக்கம். 2007இல் இந்த இடம் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். தொடாதீர்கள், காலை வெறும் பாறையில் மட்டும் வையுங்கள்.

அன்றிரவு சாப்பிட்டு முடித்து, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். சிவப்பு ஒளி டார்ச் போதும், போனை உள்ளேயே வையுங்கள். கண் பழக இருபது நிமிடம் பிடிக்கும். அப்புறம் பால்வீதி அடிவானம்வரை இறங்கியிருப்பது தெரியும், மே என்றால் நள்ளிரவு தாண்டிக் காத்திருங்கள். 2011இல் சார்க் உலகின் முதல் இருள்வானத் தீவு என்ற அங்கீகாரம் பெற்றது. அதற்காக மக்கள் வீட்டு வெளிவிளக்குகளைச் சோதித்து, மேலே சிதறும் வெளிச்சத்தை மாற்றினார்கள். இந்த ஊரின் சுயாட்சியில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். காரும் தெருவிளக்கும் வேண்டாம் என்று ஐந்நூறு பேர் தாங்களே முடிவெடுத்து, அதை இன்றுவரை காத்தும் வருகிறார்கள்.

மீதி நேரம் இருந்தால் செய்நியர் மாளிகையின் சுவர்த் தோட்டம், 1856இல் கட்டிய இரண்டே அறைச் சிறை. மே, ஜூனில் தீவைச் சுற்றும் படகில் ஏறினால் பாறைகளில் கடற்பறவைக் கூட்டம் பார்க்கலாம்.

கடைசியாக, மூடுபனியோ காற்றோ வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். கெர்ன்சியிலிருந்து விமானம் பிடிப்பவர்கள் நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டே டிக்கெட் எடுங்கள். கெர்ன்சிப் பவுண்டு நோட்டுகள் கையில் மிஞ்சினால் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள், இங்கிலாந்துக் கடைகளில் அவற்றை வாங்க மாட்டார்கள்.