புரொய்லர் குஞ்சுக்கு இரண்டாம் கிழமையில் தீன் குறைப்பது எப்படி?

தம்பலகாமத்தில் நூறு குஞ்சு விட்டு வளர்க்கிறேன். போன வருடம் சுடும் கச்சான் காற்று வீசிய நாட்களில், ஐந்தாம் கிழமையில், நல்லாக் கொழுத்த கோழிகள்தான் மல்லாந்து சிறகடித்துச் செத்தன. சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தது. சதை ஏறும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த முறைக்கு வந்தேன்.

முதல் 7 நாள் கைவைக்கவே வேண்டாம். குடல் வளரும் காலம் அது. ஏழாம் நாள் காலை பத்துக் குஞ்சை நிறுத்துப் பாருங்கள். பொரித்த அன்று இருந்த எடையைப் போல நான்கு மடங்கு, அதாவது 160 கிராமளவு வராவிட்டால் இந்தத் தடவை தீனைக் குறைக்காதீர்கள்.

சரி, எட்டாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வழக்கமான தீனில் 15 சதவீதத்தைக் குறையுங்கள். நாளொன்றுக்கு 4 கிலோ தின்னும் கூட்டத்துக்கு 3.4 கிலோ. சுண்டால் அளக்காதீர்கள், தீனுக்குத் தீன் கனம் மாறும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், அந்தக் காசு வீண்போகாது.

நான் சறுக்கியது அடுத்த படியில். தீனைக் குறைத்தேன், தீன் தட்டைக் கூட்டவில்லை. எந்நேரமும் தீன் கிடந்தால் குஞ்சுகள் மாறி மாறி வந்து தின்னும். பசியோடு இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பாயும். பெரியவை முட்டித் தள்ளின, சின்னவை பின்னால் நின்று தரையில் விரித்த உமியைக் கிளறிக் கொத்தின. பத்தாம் நாள் கழுத்தடியில் உள்ள தீன்பையைத் தடவிப் பார்த்தேன்: சிலதில் பந்துபோலத் தீன், சிலதில் வெறும் தோல். கிழமை முடிவில் ஒரே கூட்டில் இரண்டு அளவுக் கோழிகள். ஆகவே குஞ்சொன்றுக்கு 5 சென்ரிமீற்றர் விளிம்பு கொடுங்கள். ஒரு மீற்றர் நீளத் தட்டில் இரு பக்கமும் சேர்த்து நாற்பது குஞ்சு நிற்கும், நூறுக்கு மூன்று தட்டு வேண்டும். தீனைக் காலை வெயிலுக்கு முன் பாதி, பின்னேரம் பாதி என்று போடுங்கள். தின்ற தீன் செரிக்கும்போது உடம்புச் சூடு ஏறும், மத்தியானத்தில் அது கூடாது.

தண்ணீரைக் குறைக்கவே கூடாது. ஆனால் பசித்த குஞ்சு அதிகம் குடித்துச் சிந்தும். ஈர உமியிலிருந்துதான் இரத்தக் கழிச்சல் கிளம்பும். தண்ணீர்த் தட்டைக் குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்துங்கள், நனைந்த உமியை அன்றன்றே அள்ளுங்கள்.

பதினைந்தாம் நாளிலிருந்து இரண்டு நாளில் படிப்படியாக முழுத்தீனுக்கு வாருங்கள். இப்போது கோழி விட்ட எடையை வேகமாகப் பிடிக்கும். அந்த வேகத்துக்குப் புரதம் வேண்டும், மலிவான தீனுக்கு மாற்றாதீர்கள்.

பிற்சேர்க்கை: கிண்ணியா வாசகர் ஒருவர், அளவைக் குறைக்காமல் தவிடு கலக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் செய்யமாட்டேன். தவிடு கூடினால் லைசின், மெத்தியோனின் என்ற புரதக் கூறுகள் குறையும், நெஞ்சுச் சதை பிடிக்காது. இன்னொருவர் 32 நாளில் விற்கிறாராம். அவருக்கு நான்கு நாள் குறைத்தால் போதும், அதற்கு மேல் போனால் எடையைப் பிடிக்க நாள் இருக்காது. நான் 42 நாள் வைத்திருப்பதால்தான் முழுக் கிழமையும் குறைக்கிறேன்.