ஐஸ் வைத்த கணவாயிலிருந்து ஆராய்ச்சி வராது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகள் நோய் ஆய்வுக்குக் கடல் உயிரியைத் தேர்ந்தெடுத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வருஷா வருஷம் சறுக்கும் இடங்கள் மாறுவதில்லை.

போன வருஷம் ஒரு மாணவன், 'வலிப்பு நோய்க்கு மாதிரி உயிரி: கணவாய்' என்று தலைப்பு எழுதிக்கொண்டு, ஏலத்தில் எடுத்த ஒரு கிலோ ஊசிக்கணவாயை ஐஸோடு மேஜையில் வைத்தான். நல்ல கணவாய்தான், பொரிப்பதற்கு. ஐஸில் கிடந்து செத்த நரம்பில் மின்துடிப்பு ஓடாது.

அதைவிடப் பெரிய தவறு தலைப்பில் இருந்தது. கணவாய்க்கு வலிப்பு வருகிறது என்று யாரும் அதைத் தேடிப் போகவில்லை. தேடிப் போனது அதன் பெரிய நரம்பிழைக்காக, அதாவது நரம்புச் செல்லிலிருந்து நீளும், மின்துடிப்பு ஓடும் இழைக்காக. அது அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன். உள்ளேயே மின்முனையைச் செருகலாம். நம் நரம்பிழை பெரும்பாலும் அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. சோடியமும் பொட்டாசியமும் நரம்புச் சவ்வைக் கடக்கும் கணக்கை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1952இல் வெளியிட்டது இந்த இழையை வைத்துத்தான், அதற்கு 1963இல் நோபல் பரிசு. சிலவகை வலிப்பில் பழுதாவது அந்தச் சவ்வில் சோடியம் நுழையும் வழி. ஆக, கணவாயிடம் கேட்க வேண்டியது அந்த வழியைப் பற்றி மட்டும்.

சரி, உயிருள்ள கணவாயே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மருந்துக்கடை சலைனை ஊற்றுவார்கள். அதில் உப்பு 0.9 சதவீதம், நம் ரத்தத்துக்குச் சரி. கடல்நீரில் ஏறக்குறைய 3.5. கணவாய், நட்சத்திர மீன் இவற்றின் உடல்திரவச் செறிவு கடல்நீரை ஒட்டியே இருக்கும். சலைனில் போட்டால் செல்கள் தண்ணீரை இழுத்து உப்பிவிடும். மத்தி, அயிலை போன்ற மீன்களின் கதை வேறு. அவற்றின் ரத்தச் செறிவு கடல்நீரில் மூன்றில் ஒரு பங்குதான்.

நோய் ஆய்வுக்கு ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் ஸீப்ரா மீனைக் கடல் உயிரி என்று எழுதாதீர்கள், அது நன்னீர் மீன். சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்பதும் கட்டுக்கதை. சுறா வேட்டைக்குப் பேர்போன தூத்தூர் இருக்கும் மாவட்டத்திலிருந்துகொண்டு நாமே அதை எழுதினால் எப்படி?

அப்புறம் கடல் அட்டை. வலையில் வந்தது என்று ஜாடியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் எடுத்தால் வழக்குதான், ஆய்வுக்கு என்றாலும்.

அந்த மாணவன் தலைப்பை மாற்றிவிட்டான். இப்போது விடியற்காலையில் தூண்டில் வள்ளம் கரையேறும் இடத்தில், கடல்நீர் நிரம்பிய வாளியும் பேட்டரி காற்றுப் பம்புமாக நிற்கிறான்.