கைக்குழந்தையும் கையில் ஊசியுமாக: பின்னும் அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று பைக்குள்ளேயே கிடந்தால், "எனக்குப் பொறுமை போதவில்லை" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் அம்மாக்கள்தான் அதிகம். அந்த வேலையை எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஓட வேண்டிய வீட்டில், இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் மட்டுமே ஓடும் டிசைனைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அது நின்றுபோனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சிறு பிள்ளைகள் இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, இந்த வேலையை எந்த நொடியிலும் கீழே வைக்க முடியுமா என்பதைத்தான். அழகு, நிறம் எல்லாம் அப்புறம். ஒவ்வொரு வரிசைக்கும் சார்ட்டை (கட்டம் போட்ட டிசைன் படம்) பார்த்துப் பின்ன வேண்டிய, ஓட்டை ஓட்டையாக வரும் லேஸ், முறுக்கு முறுக்காக வரும் கேபிள் டிசைன் இவற்றைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். இரண்டு அல்லது நான்கு வரிசைக்கு ஒருமுறை திரும்ப வரும் டிசைன் என்றால் கண் பார்த்ததுமே எங்கே விட்டோம் என்று கை கண்டுபிடித்துவிடும்.

என்னைக் கேட்டால், கைக்குழந்தைக் காலத்துக்கு, ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேதான் தோது. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு லூப்தான் திறந்திருக்கும். அதில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிட்டு எழுந்து போகலாம். யாராவது நூலை இழுத்தாலும் வேலை பிரியாது. இரட்டை ஊசிப் பின்னலில் நூறு லூப் ஊசியில் நிற்கிறது, அதை ஒரு வயதுக் குழந்தை உருவி எடுக்க ஒரு விநாடி போதும். ஊசிப் பின்னல்தான் பிடிக்கும் என்பவர்கள் நேர் ஊசிக்குப் பதில் வட்ட ஊசி (வளையும் கேபிள் ஒன்றால் இணைத்த இரண்டு ஊசி) வாங்கிக்கொள்ளுங்கள். தட்டையாகப் பின்னவும் அது பயன்படும். நிறுத்தும்போது எல்லா லூப்பையும் நடுவில் இருக்கும் கேபிளுக்குத் தள்ளிவிட்டால் எளிதில் நழுவாது.

போர்வையைச் சின்னச் சின்ன சதுரங்களாகப் பின்னுவது நல்ல யோசனை போலத் தெரியும். பைக்குள் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம். ஆனால் எல்லாச் சதுரங்களையும் முடித்துவிட்டுக் கடைசியில் இணைக்கலாம் என்று வைப்பதுதான் தவறு. அந்த "கடைசி" வரவே வராது. ஒவ்வொன்றும் முடிந்ததும் முன்னதோடு சேர்த்துவிடுங்கள், நூல் முனைகளையும் அப்போதே உள்ளே செருகிவிடுங்கள்.

வரிசையின் நடுவில் நிறுத்துவதில் இருக்கும் சிக்கல்

குழந்தை அழுதால் வரிசை முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் வேண்டாம். திரும்ப எடுக்கும்போது எந்தப் பக்கம் போவது என்ற குழப்பத்தில்தான் பின்னல் கெடுகிறது. இதற்கு ஒரு அடையாளம் போதும்: உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கையில் இருக்க வேண்டும் (இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அப்படியே மாறும்). தவறாகப் பிடித்தால் பாதி வரிசை எதிர்த்திசையில் போய், ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை உயரம் கூடிவிடும்.

40 லூப்பில் ஆரம்பித்தது எப்படியோ 43 ஆகிவிட்டது என்பது புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் சொல்வது. பெரும்பாலும் இரண்டு காரணம். வரிசைத் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாக இழுத்துவிட்டால், முதல் லூப்பின் இரு கால்களும் மேலே ஏறி இரண்டு லூப் போலத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுகிறோம். இன்னொன்று, நிறுத்திவிட்டு எடுக்கும்போது நூல் முன்பக்கம் கிடப்பதைக் கவனிக்காமல் தொடர்வது. அதனால் ஓட்டையோடு ஒரு லூப் அதிகமாகும். நாலைந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தால் பிரிக்க வேண்டியதும் நாலைந்து வரிசையோடு நிற்கும். இன்னும் பத்திரம் வேண்டுமானால், சரியாக வந்த ஒரு வரிசையின் எல்லா லூப்புக்குள்ளும் வேறு நிறத்தில் மெல்லிய பருத்தி நூல் ஒன்றைக் கோத்து விடுங்கள். மேலே என்ன நடந்தாலும் பிரிப்பு அந்த நூலோடு நின்றுவிடும்.

எத்தனையாவது வரிசை என்பதை மனதில் வைத்துக்கொள்வது, தூக்கம் கெட்ட அம்மாவுக்கு நடக்காத காரியம். பேப்பரில் கோடு போடுங்கள், இல்லை செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அளவு

உடுப்பைத் தொடங்கும் முன் ஒரு சின்ன மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்ப்பது நேர விரயம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 10 செ.மீ. அகலத்துக்கு 22 ஸ்டிச் (லூப்) வர வேண்டிய இடத்தில் உங்கள் கைக்கு 20தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 110 ஸ்டிச் போட்டால் 50 செ.மீ. வர வேண்டியது 55 செ.மீ. ஆகிவிடும். குழந்தையின் உடம்பில் 5 செ.மீ. என்பது ஒரு முழு அளவு வித்தியாசம். அதனால் உடுப்புக்கு மாதிரித் துண்டு கட்டாயம். அதை அலசிக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும், ஏனென்றால் பல நூல்கள் முதல் அலசலில் தளரும் அல்லது சுருங்கும். ஸ்கார்ஃப், பொம்மை, போர்வைக்கு இதைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

இன்றைக்கு இருக்கும் உடம்பை அளந்து பின்னுவது இன்னொரு தவறு. பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. இருக்கும் குழந்தை ஒரு வயதில் 75 செ.மீ. அளவுக்கு வளர்ந்திருக்கும். தலைச் சுற்றளவும் சுமார் 35-லிருந்து 46 செ.மீ. வரை போகும். உங்களுக்கு ஸ்வெட்டர் முடிக்க மூன்று மாதம் ஆகும் என்றால், மூன்று மாதம் கழித்து வரும் உடம்புக்குப் பின்னுங்கள். அதற்குள் குளிர்காலம் போய்விடுமா என்றும் பாருங்கள். கழுத்திலிருந்து கீழாகப் பின்னும் ஸ்வெட்டர்களில் ஒரு வசதி உண்டு. கீழ் விளிம்பைப் பிரித்து அடுத்த வருடம் நீளம் கூட்டலாம், கைக்கும் அப்படியே. மிச்ச நூலை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

கழுத்து விளிம்பை இறுக்கமாக முடிப்பதும் நிறைய பேர் செய்வது. உடம்போடு பார்த்தால் குழந்தையின் தலை பெரியது. உடம்புக்குச் சரியாக இருக்கும் ஸ்வெட்டர் தலையில் நுழையாமல் போகும். கடைசி வரிசையை ஒன்றிரண்டு அளவு பெரிய ஊசியால் முடித்தால் போதும்.

நூல்

எவ்வளவு நல்ல நூல் வாங்கினாலும் அதைத் துவைக்கப்போவது நீங்கள்தான். சாதாரணக் கம்பளி வெந்நீரிலும் மெஷின் குலுக்கலிலும் சுருங்கி அட்டை போல இறுகிவிடும், அதைத் திரும்ப மீட்க முடியாது. மெஷினில் போடலாம் என்று லேபிளில் இருக்கும் கம்பளியைத் தேடுங்கள். அக்ரிலிக் துவைக்கச் சுலபம், ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் நிரந்தரமாகத் துவண்டுபோகும். பருத்தி கனமானது, நீளமான உடுப்பு என்றால் தொங்கித் தொங்கி இன்னும் நீளும். ஒரே நிறத்தில் பல உருண்டை வாங்கும்போது லேபிளில் இருக்கும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் நிறம் லேசாக மாறும். அது கடையில் தெரியாது, ஸ்வெட்டரின் நடுவில் பட்டையாகத் தெரியும். இரவில் மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்றால் கறுப்பு, கருநீல நூலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

மேலே சொன்ன தவறுகள் எல்லாம் நூலோடும் நேரத்தோடும் போய்விடும். இனி வருபவை அப்படியல்ல.

கையுறை, காலுறை, ஷூ மாதிரியான சின்னப் பின்னல்களின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிறத்தில் பின்னும்போது உள்ளே நீளமாக ஓடும் நூல்கள், செருகாமல் விட்ட முனைகள் குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். குழந்தை காரணம் தெரியாமல் அழுதால் மருத்துவர்கள் கால்விரல்களையும் பார்ப்பது இதனால்தான். கைக்குழந்தைக்கான கையுறையை ஒரே நிறத்தில் பின்னுவது நல்லது. முனையை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டாமல், 15 செ.மீ. விட்டு, இரண்டு மூன்று திசையில் செருகுங்கள்.

பொம்மைக்கு வைக்கும் பிளாஸ்டிக் கண்ணுக்கு "சேஃப்டி ஐ" என்று பெயர் இருந்தாலும் நம்ப வேண்டாம். அது துணிக்குள் நன்றாக நிற்கும், பின்னலின் இடைவெளியில் பிதுங்கி வெளியே வந்துவிடும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கண்ணையும் மூக்கையும் நூலால் தைத்துவிடுங்கள். லேபிளில் சொன்னதைவிடச் சிறிய ஊசியால் நெருக்கமாகப் பின்னினால் உள்ளே அடைத்த பஞ்சும் வெளியே வராது. பட்டன், குஞ்சம், மணி எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். மூச்சுக்குழாயில் அடைக்குமா என்று பார்க்க அமெரிக்கப் பொம்மை விதிகளில் ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதன் விட்டம் சுமார் 3.2 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே கூடாது. தொப்பி, கழுத்துப் பகுதிகளில் இழுத்துக் கட்டும் கயிறும் வேண்டாம், ஊஞ்சலிலோ சறுக்கிலோ மாட்டிக்கொண்டால் ஆபத்து.

இதைச் சொன்னால் மனசு கேட்காது என்று தெரியும்: எவ்வளவு ஆசையாகப் பின்னியிருந்தாலும் அந்தப் போர்வை ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் தொட்டிலில் இருக்கக் கூடாது. முகத்தை மூடிவிடும் அபாயம் உண்டு. வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியும் வேண்டாம், உடம்புச் சூடு ஏறிவிடும். குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது போர்த்துங்கள், படம் எடுங்கள்.

மற்ற கைவேலைகளைப் பற்றிச் சுருக்கமாக. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, விளக்கு எரியும் பொம்மை செய்பவர்கள் பட்டன் பேட்டரியை ஸ்க்ரூ போட்ட மூடிக்குள் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே அரித்துவிடும். சிறிய, வலுவான காந்தங்கள் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. பசைத் துப்பாக்கி வேலையைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஊசியும் கத்தரியும் சோபாவில் ஒரு நிமிடம்கூட வேண்டாம். ஜிப் வைத்த பை, அது தொங்க உயரமான ஒரு ஆணி.

பின்னியதை இன்னொரு வீட்டுக் குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்கிறீர்களா? நூலின் லேபிளையும் கொஞ்சம் மிச்ச நூலையும் கூடவே வைத்துக் கொடுங்கள். அந்த அம்மாவுக்கும் துவைக்கும் முறை தெரிய வேண்டும், கிழிந்தால் தைக்க நூல் வேண்டும்.