அமெரிக்காவிலிருந்து ஸ்வீடனுக்குப் படிக்கப் போகிறவருக்கு: எந்தக் காகிதம் எப்போது?

"அங்கே படிப்பு இலவசமாமே" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். இலவசம்தான், ஐரோப்பியர்களுக்கு. வெளியாட்களிடம் டென்மார்க் 2006 முதலும் ஸ்வீடன் 2011 முதலும் கட்டணம் வாங்குகின்றன. கடைசிவரை தாக்குப்பிடித்த நார்வேயும் 2023 இலையுதிர்ப் பருவத்தோடு கதவைச் சாத்திவிட்டது. அதற்கு முன்னால் எடுத்த யூடியூப் வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தேதி பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அமெரிக்க பாஸ்போர்ட்டோடு, ஸ்வீடனில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்புக்குப் போய், முடிந்தால் அங்கேயே தங்கிவிட நினைப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விண்ணப்பத்தில் வேலை முடிவதால் ஸ்வீடனை எடுத்துக்கொண்டோம். நார்வேயும் டென்மார்க்கும் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறோம். இடம் கிடைப்பது பெரிய மலை இல்லை. வரிசை தப்பினால்தான் தலைவலி, ஏனென்றால் ஒரு காகிதம் கைக்கு வராமல் அடுத்தது நகராது.

இளநிலையா, முதுநிலையா?

ஹைஸ்கூல் முடித்த கையோடு கிளம்ப நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஸ்வீடனில் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஸ்வீடிஷ் மொழியில்தான் நடக்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பவை சொற்பம். நார்வேயிலும் டென்மார்க்கிலும் அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளோமா மட்டும் இருந்தால் போதாது. கல்லூரித் தரத்தில் ஹைஸ்கூலிலேயே எழுதும் ஏபி தேர்வுகளோ ஓராண்டுக் கல்லூரிப் படிப்போ கேட்பார்கள். டென்மார்க்கில் இளநிலைக்கான கடைசி நேரம் மார்ச் 15, பகல் 12 மணி. நள்ளிரவு என்று நினைத்துக் கோட்டை விடாதீர்கள்.

முதுநிலைக்கு ஆங்கிலப் படிப்புகள் தாராளமாக இருக்கின்றன. எங்களைக் கேட்டால், இளநிலையை அமெரிக்காவில் முடித்துவிட்டு முதுநிலைக்குப் போவதே புத்திசாலித்தனம். ஏற்கெனவே முதுநிலை முடித்தவர் என்றால் நேராக பிஎச்.டி. பக்கம் பாருங்கள். மூன்று நாடுகளிலும் அது பெரும்பாலும் சம்பளம் வாங்கும் வேலை. ஸ்வீடனில் எந்த நாட்டுக்காரரும் அதற்குக் கட்டணம் கட்டுவதில்லை. இடங்களைப் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் விளம்பரம் செய்வார்கள். ஒவ்வொன்றுக்கும் வேலைக்கு மனுப் போடுவதுபோலத் தனித்தனியாகப் போட வேண்டும்.

அக்டோபரில் தொடங்குங்கள்

அடுத்த ஆகஸ்டில் வகுப்பு என்றால், முந்தைய அக்டோபர் நடுவிலேயே அந்த ஒரே விண்ணப்பத்தை வாங்கும் யூனிவர்சிட்டி அட்மிஷன்ஸ் தளம் திறந்துவிடும். ஜனவரி நடுவில் மூடும். சான்றிதழ்களையும் 900 குரோனா விண்ணப்பக் கட்டணத்தையும் பிப்ரவரி தொடக்கத்துக்குள் சேர்க்க வேண்டும். முடிவு மார்ச் கடைசி வாக்கில் வரும். முதுநிலைக்கு 4 படிப்புகள் வரை வரிசைப்படுத்தலாம். வரிசையில் முதலாவதற்கு இடம் கிடைத்தால் அதற்குக் கீழே உள்ளவை தாமாகவே விழுந்துவிடும். ஆகவே "எப்படியும் கிடைத்துவிடும்" என்ற படிப்பை உச்சியில் போடாதீர்கள். உண்மையில் எது வேண்டுமோ அதைப் போடுங்கள்.

அமெரிக்க மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் கிரெடிட் கணக்கு. ஸ்வீடனில் முழு நேரப் படிப்புக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட். அமெரிக்காவில் ஏறக்குறைய 30. அதாவது உங்கள் ஒரு செமஸ்டர் கிரெடிட் அங்கே 2. பல முதுநிலைப் படிப்புகள் "இந்தத் துறையில் 90 கிரெடிட்" என்று நிபந்தனை வைக்கின்றன. உங்கள் மேஜரில் 38 கிரெடிட் எடுத்திருந்தால் அது 76தான், 14 குறைகிறது. மதிப்பெண் நாலுக்கு நாலாக இருந்தாலும் தகுதியில்லை என்று திருப்பிவிடுவார்கள்; அமெரிக்காவில்போல ஆளை மொத்தமாகப் பார்த்து விட்டுக்கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. இதற்கு இரண்டு வழி உண்டு. புள்ளியியல் மாதிரி பக்கத்துத் துறைப் பாடங்கள் எடுத்திருந்தால் அவற்றின் பாடத்திட்டத்தையும் இணைத்து, அவையும் துறைப் பாடம்தான் என்று காட்டலாம். இல்லையென்றால், பட்டம் வாங்குவதற்கு முன் இன்னும் 7 அமெரிக்க கிரெடிட்டுக்கான பாடங்கள் எடுத்துவிட வேண்டும். இந்தக் கணக்கை இரண்டாம் ஆண்டிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் ஆங்கிலவழியில் படித்தவருக்கு டோஃபல், ஐஇஎல்டிஎஸ் பொதுவாகத் தேவைப்படாது.

பணம்

கட்டணம் படிப்பைப் பொறுத்தது. மானிடவியல், சமூக அறிவியலுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் குரோனாவை ஒட்டி இருக்கும். பொறியியலுக்கு ஒன்றரை லட்சத்தைச் சுற்றி வரும். வடிவமைப்பும் கட்டடக் கலையும் இன்னும் மேலே.

அமெரிக்கக் கூட்டரசின் மாணவர் கடனை வெளிநாட்டிலும் பயன்படுத்தலாம், பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்வித் துறையின் பட்டியலில் இருந்தால். லுண்ட் பல்கலைக்கழகம் அதில் உண்டு. வழக்கம்போல மாணவர் உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பினால் போதும். ஆனால் பெல் உதவித்தொகை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கிடையாது. படிப்பில் ஆன்லைன் பாடம் கலந்திருந்தால் கடனுக்கே ஆபத்து. ஒரே ஒரு விருப்பப் பாடத்தை ஆன்லைனில் எடுத்தாலும் முதலில் கடன் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுநிலை மாணவர்களுக்கு, முழுச் செலவுக்கும் கிடைத்துவந்த கிராட் பிளஸ் கடன் இல்லை. ஆண்டுக்கு 20,500 டாலர்தான் உச்சம். கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்கு அதில் எவ்வளவு மிஞ்சும் என்று இப்போதே பாருங்கள். குடும்பத்தில் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு இருந்தால், அதே பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு அதையும் எடுக்கலாம்.

இதில் ஒரு இடைவெளி இருக்கிறது. முதல் தவணைக் கட்டணத்தைக் கோடைக்குள் கட்டியாக வேண்டும், ஆனால் கடன் பணம் வகுப்பு தொடங்கும் சமயத்தில்தான் கைக்கு வரும். நடுவில் சமாளிக்கத் தனிப் பணம் வேண்டும்.

உதவித்தொகை என்றதும் எல்லாரும் ஸ்வீடன் அரசு அமைப்பான ஸ்வீடிஷ் இன்ஸ்டிடியூட்டைச் சொல்வார்கள். அதன் முதுநிலை உதவித்தொகை அமெரிக்கர்களுக்கு இல்லை. ஃபுல்பிரைட், நியூயார்க்கில் உள்ள அமெரிக்கன்-ஸ்காண்டிநேவியன் ஃபவுண்டேஷன், பல்கலைக்கழகமே தரும் கட்டணச் சலுகை ஆகிய மூன்றும்தான் பார்க்க வேண்டியவை.

குடியிருப்பு அனுமதி

இடம் கிடைத்ததும் முதல் தவணையைக் கட்டுங்கள். கட்டிய பிறகே குடிவரவுத் துறையான மிக்ரேஷன்ஸ்வெர்கெட் உங்கள் மனுவை முழுமையானதாக எடுத்துக்கொள்ளும். மனு ஆன்லைனில்தான், கட்டணம் 1,500 குரோனா. வாழ்க்கைச் செலவுக்கு மாதக் கணக்கில் பணம் காட்ட வேண்டும். 2025இல் அது மாதம் 10,584 குரோனா, அதாவது 12 மாதத்துக்கு 1,27,008. ஆண்டுதோறும் இது கூடும். பணம் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கைக் காட்டி "அவர் பார்த்துக்கொள்வார்" என்றால் எடுபடாது. பங்குகளும் ஓய்வூதியக் கணக்கும் கணக்கில் சேராது.

பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டி அனுமதி தர மாட்டார்கள். இது சின்ன விஷயம்போலத் தெரியும். பாஸ்போர்ட்டில் 9 மாதம்தான் பாக்கி என்றால் அனுமதியும் 9 மாதம். ஓராண்டுக்குக் குறைந்த அனுமதியோடு போனால் மக்கள் பதிவேட்டில் சேர்வதே இழுபறி. பதிவு இல்லையென்றால் அடையாள எண் இல்லை, அது இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. பழைய பாஸ்போர்ட்டை டிசம்பரிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

"அமெரிக்கருக்குத்தான் 90 நாள் விசா தேவையில்லையே, அங்கே போய் மனுப் போட்டுக்கொள்ளலாம்" என்று விமானம் ஏறாதீர்கள். வெளியிலிருந்து மனுப் போட்டு, அனுமதி வந்த பிறகே போக வேண்டும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்து, அது செல்லாமல் போகும் 21 வயதை நெருங்கும் நம் பிள்ளைகள் சிலரும் இந்த வழியைப் பார்க்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: அனுமதி அட்டை கையில் இல்லாமல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

நார்வேயில் அனுமதி கிடைத்தால் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். டென்மார்க்கில் மாதம் 90 மணி நேரம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழு நேரம்.

வீடும் வாசல் பெயரும்

ஸ்டாக்ஹோம், லுண்ட், உப்சாலா மூன்றிலும் அறைக்குத் தட்டுப்பாடு. கட்டணம் கட்டும் மாணவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் அறை ஏற்பாடு செய்து தருகின்றன. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அந்தப் படிவத்தை நிரப்புங்கள், ஒரு வாரம் தள்ளினால் போய்விடும். ஸ்டாக்ஹோமின் எஸ்எஸ்எஸ்பி மாணவர் குடியிருப்பில் காத்திருந்த நாட்களை எண்ணித்தான் அறை தருவார்கள். பெரும்பாலும் கிடைப்பது "கொரிடோர்" அறை: தனி அறை, பொதுச் சமையலறை. தனியாரிடம் எடுப்பதானால், வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்றால் நூற்றுக்கு நூறு மோசடி. கோபன்ஹேகனில் மூன்று மாத வைப்புத்தொகையும் மூன்று மாத முன்வாடகையும் சேர்த்துக் கேட்கச் சட்டமே இடம் தருகிறது, அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

இறங்கிய முதல் வாரம் வரித் துறையான ஸ்கத்தெவெர்கெட்டுக்குப் போய் மக்கள் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட், அனுமதி அட்டை, இரண்டாண்டுச் சேர்க்கைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு வீட்டு எண்ணும் வேண்டும். 1203 என்பதுபோல நாலு இலக்கம், வாசலிலோ ஒப்பந்தத்திலோ இருக்கும். சில வாரங்களில் பிறந்த தேதியோடு நாலு இலக்கம் சேர்ந்த அடையாள எண்ணான "பெர்சோன்நும்மர்" தபாலில் வரும். வந்தால்தானே! ஸ்வீடனில் தபால்காரர் கதவில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். வேறொருவர் பெயர் உள்ள வீட்டில் தங்கினால் முகவரியில் "கேர் ஆஃப்" என்று அவர் பெயரையும் பதிவு செய்யுங்கள். கதவில் உங்கள் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாததால் கடிதம் திரும்பிப் போய், ஒரு மாதம் வீணாவது அடிக்கடி நடக்கிறது.

அந்த எண்ணைக் காட்டி வரித் துறையிலேயே அடையாள அட்டை, அட்டையைக் காட்டி வங்கிக் கணக்கு, வங்கி தரும் மின்னணு அடையாளமான பேங்க்ஐடி, அதற்குப் பிறகுதான் ஸ்விஷ்ஷில் பணம் அனுப்புவது முதல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது வரை எல்லாம். இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை அமெரிக்க டெபிட் கார்டுதான் துணை. ஆகவே அமெரிக்க ஃபோன் எண்ணை ரத்து செய்யாமல் மலிவான இ-சிம்மில் வைத்திருங்கள். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

மாமா சாம் விட மாட்டார்

எங்கே இருந்தாலும், வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அமெரிக்கக் குடிமகன் அமெரிக்க அரசுக்கு ஆண்டுதோறும் வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஸ்வீடனில் வரி அதிகம் என்பதால், அங்கே கட்டியதைக் கழித்தால் அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. ஆனாலும் படிவம் போடாமல் இருக்க முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு.

மாணவர்கள் மறப்பது எஃப்பார் என்ற படிவம். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதைத் தெரிவிக்க வேண்டும். மேலே சொன்ன 1,27,008 குரோனாவை அப்படியே ஸ்வீடன் வங்கிக்கு மாற்றினால், டாலருக்கு 10 குரோனா என்று வைத்தாலும் 12,700 டாலர். பரம ஏழை மாணவரும் எஃப்பாருக்குள் வந்துவிடுகிறார். தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது பத்து நிமிடம் ஒதுக்கிப் படிவத்தை நிரப்பிவிடலாம். இன்னொன்று: ஸ்வீடனில் எல்லாரும் "ஐஎஸ்கே" கணக்கில் மியூச்சுவல் ஃபண்டு வாங்குவார்கள், உங்களையும் வாங்கச் சொல்வார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில் வெளிநாட்டு ஃபண்டுக்குத் தனி வரியும் 8621 என்ற கொடுமையான படிவமும் இருக்கின்றன. வாங்காதீர்கள்.

மருந்தும் வண்டியும்

கவனக்குறைவுக் கோளாறான ஏடிஎச்டிக்கு ஆடரல் சாப்பிடுபவர்கள் கவனிக்க: அந்த மருந்து ஸ்வீடனில் விற்பனையில் இல்லை. மாற்று மருந்து உண்டு, ஆனால் அங்குள்ள மனநல மருத்துவர் எழுதித்தர வேண்டும், அதற்கு நீண்ட வரிசை. நோயறிதல் அறிக்கையை முழுசாக எடுத்துப் போங்கள். எவ்வளவு மருந்து கொண்டுபோகலாம் என்பதைத் தூதரகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

அமெரிக்க ஓட்டுநர் உரிமம் பதிவேட்டில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். அதை ஸ்வீடன் உரிமமாக மாற்றித் தர மாட்டார்கள். வழுக்கும் தளத்தில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சி உட்பட எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

படிப்பு முடிந்த பிறகு

மாணவர் அனுமதி முடியும் முன் மனுப் போட்டால் வேலை தேட 12 மாதம் தருவார்கள், நார்வேயிலும் ஓராண்டு. ஸ்வீடனில் வேலை அனுமதிக்குச் சம்பள வரம்பும் இருக்கிறது: 2023 நவம்பரில் அதை நாட்டின் இடைநிலைச் சம்பளத்தில் 80 சதவீதமாக உயர்த்தினார்கள். காபிக் கடை வேலையை வைத்து அங்கே தங்க முடியாது. முதுநிலை மாணவராக இருந்த ஆண்டுகள் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்குக் கணக்கில் வராது, பிஎச்.டி. ஆண்டுகள் வரும். ஐடி தவிர மற்ற துறைகளில் ஸ்வீடிஷ் பேசத் தெரியாதவரை நேர்முகத்துக்கே கூப்பிடுவது அரிது. பெர்சோன்நும்மர் வந்த மறுநாளே நகராட்சியின் இலவச எஸ்எஃப்ஐ மொழி வகுப்பில் பெயர் கொடுங்கள். ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான், மாலை வகுப்புக்குப் போக மனம் வராது. செப்டம்பரிலேயே சேர்ந்துவிடுங்கள்.